நடுவில் குழி விழும் சுஜி கேக்: கைராசியா, சாமானா?

பினாங்கு, பிறையிலிருந்து ஒரு வாசகி, 6 செப்டம்பர் 2024

மூன்று வருடமாகத் தீபாவளிக்குச் சுஜி கேக், அதாவது ரவை கேக், சுடுகிறேன். மூன்று வருடமும் நடுவில் குழி. ஓரம் கருகுகிறது, உள்ளே மணல் மாதிரி நறநறக்கிறது. அம்மா சுட்டால் அழகாக வருகிறது, அதே குறிப்புதான். எனக்குக் கைராசி இல்லை என்று மாமியார் சொல்லிவிட்டார். இந்த வருடம் 31 அக்டோபர் தீபாவளி. அதற்குள் சரிப்படுத்த முடியுமா, இல்லை பேசாமல் கடையில் வாங்கிவிடவா?

6 செப்டம்பர், இரவு

கடையில் வாங்காதீர்கள். இன்னும் ஏழு வாரத்துக்கு மேல் இருக்கிறது. கைராசிப் பேச்சை இன்றோடு விடுங்கள். ஜெலுத்தோங்கில் இருபது வருடமாக ஆர்டர் எடுத்துச் சுடுகிறேன். என்னிடம் அமுங்கிப்போன கேக்குகளை நினைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு சாமான் மாறியிருக்கிறது, இல்லாவிட்டால் அளவு மாறியிருக்கிறது.

என் சந்தேகம் சோடா மேல். ஆப்பத்துக்குப் போடுவதையும் சோடா மாவு என்கிறோம், கேக்குக்குப் போடுவதையும் சோடா மாவு என்கிறோம். இரண்டும் வேறு. பொட்டலத்தில் மலாயில் சோடா பிகார்போனாட் என்று இருந்தால் அது ஆப்ப சோடா. செர்புக் பெனாய்க் என்று இருந்தால் பேக்கிங் பவுடர். ஆப்ப சோடா பொங்க வேண்டுமானால் கலவையில் தயிர், மோர், எலுமிச்சை என்று ஏதாவது புளிப்பு இருக்க வேண்டும். பேக்கிங் பவுடரில் சோடாவும் புளிப்பும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், ஈரத்தை இழுத்துக்கொள்ளச் சோளமாவும் கலந்திருக்கும். அதனால் ஒரு தேக்கரண்டி பவுடர் போட வேண்டிய இடத்தில் ஒரு தேக்கரண்டி சோடா போட்டால் வேகம் மூன்று நான்கு மடங்கு. கேக் புசுபுசுவென்று ஏறும். நடுப்பகுதி இறுகுவதற்கு முன்பே குமிழெல்லாம் உடைந்து அப்படியே உட்கார்ந்துவிடும். நிறம் கருத்து, சவர்க்காரம் நாக்கில் பட்ட மாதிரி ஒரு ருசி வரும்.

உங்கள் கேக்கில் அந்தச் சவர்க்கார ருசி உண்டா?

7 செப்டம்பர்

இல்லையாம். டப்பாவில் செர்புக் பெனாய்க் என்றுதான் இருக்கிறதாம், ஒரு தேக்கரண்டிதான் போடுகிறாராம். அப்படியானால் நேற்று நான் சொன்னது இவருக்குப் பொருந்தாது. மாவுப் பொட்டலத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

8 செப்டம்பர், காலை

படம் வந்தது. தெபுங் நைக் செண்டிரி! தானே எழும்பும் மாவு. அந்த மாவில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே இருக்கிறது. தங்கச்சி, உங்களுக்கு வேண்டியது செர்பகுனா என்று போட்ட சாதாரணக் கோதுமை மாவு.

ஆனால் சுஜி கேக்கில் மாவு கொஞ்சம்தானே, மூன்று நான்கு மேசைக்கரண்டி, அதில் இருக்கும் பவுடர் இவ்வளவு குழி பறிக்குமா என்று யோசித்தேன். மறுபடி கேட்டதும் விஷயம் வந்தது. முதல் வருடம் நறநறத்ததால் இரண்டாம் வருடம் ரவையைக் குறைத்து மாவைக் கூட்டியிருக்கிறார். இப்போது 150 கிராம் மாவு போடுகிறாராம். அந்த 150 கிராமுக்குள்ளேயே சுமார் இரண்டு தேக்கரண்டி பவுடர் இருக்கும், மேலே இவர் போடுவது ஒன்று. குறிப்பு கேட்டது ஒன்று, போனது மூன்று. நறநறப்பைத் தீர்க்கப்போய்க் குழி பெரிதாகியிருக்கிறது.

எனக்கும் இதே மாவால் ஒரு அடி விழுந்திருக்கிறது. 2005, சித்தப்பாவின் மணிவிழா. கடையில் வழக்கமான பொட்டலம் இல்லை, அதே நிறத்தில் பக்கத்தில் இருந்ததை எடுத்து வந்தேன். இரண்டு கிலோ கேக். ஓவன் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், இருபதாவது நிமிடத்தில் தகரத்தின் விளிம்புக்கு மேலே குடை மாதிரி நிற்கிறது. சந்தோஷமாக சித்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வந்து பார்ப்பதற்குள் நடுவில் ஒரு சுருக்கம் விழுந்தது, அப்புறம் மெதுவாக, யாரோ விரலால் அழுத்துகிற மாதிரி, உள்ளே போய்விட்டது. சித்தி ஒன்றும் சொல்லவில்லை. குழியில் கிரீமை நிரப்பி மேலே ரோஜா வைத்துக் கொண்டுபோனோம். வெட்டும்போது நடுத்துண்டு யாருக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

12 செப்டம்பர்

இப்போது நறநறப்பு. மூலக் கோளாறு இதுதான், இதைச் சரியாக்கினால் மாவைக் கூட்ட வேண்டிய தேவையே வராது.

சுஜி கேக் யுரேஷியர், அதாவது ஐரோப்பிய ஆசியக் கலப்பு வம்சத்தினர், வீட்டுப் பலகாரம். என் அம்மா அதைப் புலாவ் திக்குஸில் பக்கத்து வீட்டில் இருந்த ஒரு யுரேஷிய ஆன்ட்டியிடம் கற்றார். அவர் சொன்ன முதல் பாடம், ரவையை வெண்ணெயில் ஊறவிட வேண்டும் என்பது. வெண்ணெயைக் குழைத்து, ரவையைக் கலந்து, மூடி, மறுநாள்தான் முட்டையைத் தொடுவார்கள். ஊறாத ரவை ஓவனுக்குள் போனால் அங்கே ஈரத்தைத் தேடும், கேக்கில் இருக்கிற ஈரத்தை எல்லாம் இழுக்கும். கேக் வறண்டுபோகும், ரவையும் முழுசாக வேகாது. இரண்டு பக்கமும் நட்டம்.

இரவு முழுவதும் மேசைமேல் மூடி வையுங்கள்.

13 செப்டம்பர்

பிறை தங்கச்சி ஊறவைக்கிறாராம்! எட்டு மணி நேரம். நெய்யில்.

வெண்ணெயைவிட நெய் வாசமாக இருக்கும் என்று மாற்றியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் வெண்ணெயில் சுமார் 80 விழுக்காடு கொழுப்பு, 16 விழுக்காடு அளவுக்குத் தண்ணீர். நெய்யில் தண்ணீரே கிடையாது, அதைக் காய்ச்சி எடுத்ததால்தான் அது நெய். ரவை இளகுவது அந்தத் தண்ணீரால். நெய்யில் எட்டு மணி நேரம் கிடந்தாலும் எட்டு நாள் கிடந்தாலும் அதற்கு எண்ணெய்க் குளியல்தான் கிடைக்கும். நெய் வாசம் வேண்டுமானால் வெண்ணெயில் ஊறவைத்து, கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி நெய் விடுங்கள்.

இன்னொரு வாசகி, ஆயர் ஈத்தாமிலிருந்து, தன் கேக்கில் கல் மாதிரி கடிபட்டதாக எழுதியிருக்கிறார். லெபோ பாசாரில் வாங்கிய ரவையாம். பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். இட்லி ரவை. அது அரிசி, அம்மா. கேக்குக்குக் கோதுமை ரவையில் நைசானது வேண்டும். உப்புமா ரவைதான் கிடைத்தது என்றால் மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டு எடுங்கள், மாவாகிவிடக் கூடாது.

15 செப்டம்பர்

12ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். இரவு மேசைமேல் வையுங்கள் என்றேன், பகலில் கூடாது என்று சொல்லவில்லை. ஒருவர் காலையில் கலந்துவிட்டு வேலைக்குப் போய், மாலை வந்து பார்த்தால் வெண்ணெய் உருகி எண்ணெயாக மேலே நிற்கிறது. பினாங்கு மதியம் 32 டிகிரி, சன்னல் சாத்திய வீட்டில் இன்னும் கூட. இரவு பத்து மணிக்குக் கலந்து வையுங்கள், விடிந்ததும் சுடுங்கள். பகலில்தான் முடியும் என்றால் குளிர்பெட்டியில் வைத்து, சுடுவதற்கு முன் வெளியே எடுத்து இளகவிடுங்கள்.

20 செப்டம்பர்

அதே குறிப்புதான், அம்மாவுக்கு வருகிறது எனக்கு வரவில்லை என்று தங்கச்சி எழுதியது இரண்டு வாரமாக மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அம்மாவின் குறிப்பைப் படம் எடுத்து அனுப்பினார். என் அம்மாவின் நோட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறது: ரவை 1 டின், சீனி 1 டின், வெண்ணெய் 1 கட்டி.

எந்த டின்? கெட்டிப்பால் டின். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அரிசி அளக்க ஒரு பால் டின் கிடக்கும். எங்கள் வீட்டு டின் இன்னும் அம்மாவின் அரிசித் தொட்டிக்குள் இருக்கிறது. ஆயர் ஈத்தாமில் தம்பி வீட்டுக்குப் போய் அதைக் கேட்டு வாங்கி வந்தேன். வாய் விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, தாள் எப்போதோ போய்விட்டது, அடியில் மட்டும் கொஞ்சம் துரு. இப்போது கடையில் விற்கிற 500 கிராம் டின்னைப் பக்கத்தில் வைத்தேன். புதியது ஒரு விரற்கடை கூடுதல் உயரம், கொஞ்சம் அகலமும்கூட. இரண்டிலும் ரவையைத் தலைதட்டி நிறுத்தேன். அம்மாவின் டின்னில் 205 கிராம். புதிய டின்னில் 260.

55 கிராம் வித்தியாசம், அதுவும் ரவையில்! சீனிக்கும் இதே கதை, கேட்கவே வேண்டாம். வெண்ணெய் மட்டும் கட்டிக் கணக்கில் அப்படியே நிற்கிறது. அந்தக் கட்டியிலும் ஒரு சிக்கல். 227 கிராம் கட்டியும் 250 கிராம் கட்டியும் கடையில் ஒரே தட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன.

தங்கச்சி, உங்கள் டின் எது?

20 செப்டம்பர், இரவு

புதிய டின். அம்மா பழைய டின்னால் அளக்கிறார், மகள் புதிய டின்னால் அளக்கிறார், இரண்டு பேரும் ஒரு டின் என்கிறார்கள். அவருடைய மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

தராசு வாங்குங்கள். முப்பது வெள்ளிக்குள் கிடைக்கும். தயவுசெய்து வாங்குங்கள்.

21 செப்டம்பர்

டின் விஷயம் எழுதியதும் ஒருவர் முட்டையைப் பற்றிக் கேட்டார். நல்ல கேள்வி. நம் ஊரில் முட்டை தரம் என்பது எடைதான். ஏ கிரேட் 65 கிராமிலிருந்து 70 வரை, பி 60க்கு மேல், சி 55க்கு மேல். பத்து முட்டை கேட்கிற குறிப்பில் ஏக்குப் பதில் சி போட்டால் கிட்டத்தட்ட ஒன்றரை முட்டை குறைந்த கணக்கு. அமெரிக்கக் குறிப்பில் பெரிய முட்டை என்று இருந்தால் ஓடு நீக்கி 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உடைத்து நிறுத்துவிடலாம்.

28 செப்டம்பர்

வெண்ணெய் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும், ஏனென்றால் என்னை அதிக நாள் ஏமாற்றியது இதுதான்.

எல்லாக் குறிப்பிலும் "அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்" என்று எழுதியிருக்கும். யாருடைய அறை? அந்தக் குறிப்பை எழுதியவரின் சமையலறை 20 டிகிரி. சீனியோடு அடிக்கும்போது வெண்ணெய் காற்றைப் பிடித்து வைக்க வேண்டும், அதற்கு 18 முதல் 20 டிகிரிதான் சரியான பதம். நம் சமையலறையில் அரை மணி நேரம் வெளியே வைத்தால் 27, 28 ஆகிவிடும், பிசுபிசுவென்று மினுங்கும். அந்த நிலையில் எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது. கேக் நெய் ஊறிய களி மாதிரி அடர்ந்து வரும். அப்போது நாம் என்ன செய்கிறோம்? எழும்பவில்லையே என்று அடுத்த தடவை பவுடரைக் கூட்டுகிறோம். நான் நான்கு வருடம் அப்படிச் செய்தேன்.

இப்போது குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் சின்னச் சதுரங்களாக வெட்டிப் பத்து நிமிடம் மட்டும் வைக்கிறேன். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. அடிக்கிற கிண்ணத்தைத் தொட்டால் லேசாகச் சில்லென்று இருக்க வேண்டும். வெளுத்து, இறகு மாதிரி ஆகும்போது நிறுத்துகிறேன். முட்டையை மட்டும் முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள், சில்லென்ற முட்டை விழுந்தால் கலவை திரிந்துவிடும்.

சுஜி கேக்குக்கு இதில் ஒரு மாற்றம் உண்டு. ஊறிய ரவையோடு வெண்ணெய் இருப்பதால் அதில் பெரிதாகக் காற்று ஏறாது. மஞ்சள் கருவையும் சீனியையும் நன்றாக அடிப்பதும், வெள்ளைக் கருவை நுரைக்க அடித்துக் கடைசியில் மெதுவாகப் பிரட்டுவதும்தான் அங்கே தூக்கிக் கொடுப்பது. அதனால்தான் அந்தக் கேக்குக்கு ஒரு தேக்கரண்டி பவுடரே போதும்.

2 அக்டோபர்

சைவக் குடும்பம், முட்டை இல்லாமல் வழி உண்டா, கஸ்டர்ட் பவுடரில் முட்டை இருக்குமே என்று சுங்கைப்பட்டாணியிலிருந்து ஓர் அக்கா கேட்டார். கஸ்டர்ட் பவுடர் பெரும்பாலும் சோளமாவு, நிறம், வாசனை. அது உண்டானதே முட்டை ஒத்துக்கொள்ளாத ஒரு பெண்ணுக்காக. பர்மிங்ஹாமில் ஆல்பிரட் பேர்ட் என்பவர் தன் மனைவிக்காக 1837இல் முட்டையில்லாத கஸ்டர்ட் செய்தார். அந்த அம்மாவுக்கு ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாது என்பதால் 1843இல் பேக்கிங் பவுடரையும் செய்தார். நாம் இந்த இழை முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் டப்பா ஒரு வீட்டு மனுஷிக்காகப் பிறந்தது என்று நினைத்தால் எனக்கு அதன்மேல் ஒரு பிரியம் வருகிறது. ஆனாலும் அக்கா பொட்டலத்தில் பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். பத்து மஞ்சள் கரு கேட்கிற சுஜி கேக்கை மட்டும் முட்டையில்லாமல் முயல வேண்டாம், ரவையும் தயிரும் சேர்த்துச் சுடும் கேக் வேறு ஜாதி, அதற்குத்தான் ஆப்ப சோடா பொருந்தும்.

ஈஸ்ட் என்றதும் ரொட்டி பெங்காலி ஞாபகம் வந்தது. அதை விற்ற கடை பங்காளிகள் சேர்ந்து நடத்தியது, நம் 'பங்காளி'தான் பெங்காலி ஆனது என்று பினாங்கில் ஒரு பேச்சு உண்டு. அப்பா காலையில் அதைக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுவார். சரி, கேக்குக்கு வருகிறேன்.

9 அக்டோபர்

மெல்பர்னில் இருக்கும் அண்ணன் மகள் பிஸ்கட் குறிப்பு அனுப்பினாள். நான்கு மேசைக்கரண்டி பால். பிசைந்தால் உதிர்கிறது, உருட்டவே வரவில்லை. இரண்டு தடவை அவளுக்குப் போன் செய்தேன், நன்றாக வருகிறதே அத்தை என்கிறாள். அப்புறம்தான் தெரிந்தது, ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டி 20 மில்லி. என்னுடையது 15. நான்கு கரண்டியில் 20 மில்லி பால் குறைந்துவிட்டது. தேக்கரண்டி மட்டும் இரண்டு இடத்திலும் 5தான்.

14 அக்டோபர்

சின்ன விஷயங்கள், மறப்பதற்குள். க்ரீம் ஆஃப் டார்ட்டரைப் பால் கிரீம் என்று நினைத்துக் குளிர்பெட்டித் தட்டில் தேடிய தம்பிக்கு: அது வெள்ளைத் தூள், புளிப்பு, பேக்கரி சாமான் கடையில் மசாலா மாதிரி சின்ன டப்பாவில் இருக்கும். ஒரு பங்கு ஆப்ப சோடாவுக்கு இரண்டு பங்கு அது சேர்த்தால் அவசரத்துக்குப் பேக்கிங் பவுடர்.

பழைய பவுடர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அரை தேக்கரண்டியை வெந்நீரில் போடுங்கள். உடனே சீறிப் பொங்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் மூடி இறுக்கமில்லாத டப்பா சீக்கிரம் செத்துப்போகும். போன தீபாவளி டப்பாவை வைத்திருப்பவர்கள் இன்றே பாருங்கள். ஆப்ப சோடாவானால் வெந்நீர் இல்லை, வினிகர்.

அப்புறம் கேரமலுக்குப் பால் டின் வாங்குபவர்கள் டின்னைத் திருப்பிப் படியுங்கள். கிரிமர் மானிஸ் என்று இருந்தால் அது சீனியும் பாமாயிலும் சேர்த்த கிரீமர், முழுக்கப் பாலைச் சுண்டவைத்தது இல்லை. தேத்தண்ணிக்கு அது போதும்.

19 அக்டோபர்

ஓரம் கருகுகிறது என்று தங்கச்சி முதல் நாளே எழுதியிருந்தார். சாமானிலேயே நின்றதில் அதை நான் விட்டுவிட்டேன். மன்னியுங்கள். எல்லாம் சாமானும் அளவும்தான் என்று செப்டம்பர் 6ஆம் தேதி எழுதியதும் முழு உண்மை இல்லை.

அவருடையது மேசைமேல் வைக்கும் சின்ன ஓவன். ஓவனுக்குள் வைக்கிற தெர்மோமீட்டர் ஒன்றை வாங்கி உள்ளே தொங்கவிடச் சொன்னேன். திருகு காட்டுவது 170, உள்ளே 200. சின்ன ஓவனில் கம்பி தகரத்துக்கு மிக அருகில் இருக்கும், ஓரம் முதலில் இறுகிக் கருகும், நடு வேகாமலே இருக்கும், வெளியே எடுத்ததும் அமுங்கும். கருகுகிறதே என்று இவர் பத்து நிமிடம் முன்னதாகவே எடுத்துமிருக்கிறார். ஆகக் குழிக்குக் காரணம் இரண்டு, மாவில் இருந்த பவுடர் ஒன்று, இந்தச் சூடு இன்னொன்று. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு முடியவில்லை. திருகை 140இல் வைத்து, தகரத்துக்கு வெளியே ஈரத்துணியைப் பட்டையாகச் சுற்றி ஒரு தடவை சுட்டுப் பாருங்கள். துணி நன்றாக நனைந்திருக்க வேண்டும், கம்பியில் படக் கூடாது. நடுவில் குச்சி விட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

27 அக்டோபர்

நேற்று இரவு 205 கிராம் ரவை, 227 கிராம் வெண்ணெய், மூன்று மேசைக்கரண்டி சாதாரண மாவு, ஒரு தேக்கரண்டி பவுடர், ஏ கிரேட் முட்டை என்று எல்லாம் நிறுத்துச் சுட்டிருக்கிறார். ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும். படம் அனுப்பினார். மேலே லேசான மேடு, ஒரு பக்கம் சின்ன வெடிப்பு, குழி இல்லை. நறநறப்பு இல்லை என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்.

மாமியார் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, அந்தப் பழைய டின் தனக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டாராம். அம்மாவின் டின்னைக் கொடுக்க மாட்டேன். 205 கிராம் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.